மூன்றில் போகிற எண்

என் கணவரின் அண்ணனுக்குப் பதின்மூன்று இலக்கத்தில் ஒரு கனவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தபோது வந்ததாம். சாமி வந்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனது. அவர் எழுந்து முகம்கூடக் கழுவாமல் கோயம்புத்தூரில் இருக்கும் எங்களுக்குப் போன் போட்டார்.

"தம்பி, எழுதிக்கோ," என்றார்.

தம்பி எழுதவில்லை. என் கணவர் பம்புசெட்டு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்க லேத் சத்தத்தில் இருப்பதாலோ என்னவோ, வீட்டில் "ம்" என்பதற்கு மேல் பேசமாட்டார். அதனால் நான்தான் எழுதினேன். கையில் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளின் ஓரத்தில் எழுதினேன். ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அந்தத் தாளுக்குரிய மாணவன் பிறகு வந்து, இது எனக்குப் போட்ட மார்க்கா மேடம் என்று கேட்டான்.

4706185324167.

நான்கு லட்சத்து எழுபதாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு கோடியே ஐம்பத்து மூன்று லட்சத்து இருபத்து நான்காயிரத்து நூற்று அறுபத்தேழு. தன் போன் நம்பரையே மனைவியிடம் கேட்டுச் சொல்கிற மனிதர் இதைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். அன்று முதல் யார் கேட்டாலும் சொன்னார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் நுரையோடு சொன்னார்.

சாமி ஏன் எண் சொல்லவேண்டும் என்பதற்கு முன்கதை இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு தோட்டம். தென்னையும் ஒரு நல்ல கிணறும் உண்டு. அவர் போன வருஷம் காலமானார், உயில் எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் மூவர்: மூத்தவர், என் கணவர், பல்லடத்தில் விசைத்தறி வீட்டில் வாழ்க்கைப்பட்ட கடைசித் தங்கை. அண்ணன் மனதில் கணக்கு முன்பே முடிந்திருந்தது. தோட்டம் அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. தங்கை வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அத்தனை வீட்டுப் பெண்களும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

இவள் போடவில்லை. "எனக்கும் ஒரு பங்கு வேணுங்ணா," என்று போனில் சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை.

எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து அவனோடு நின்று அந்தச் சீரைச் செய்யாமல் கல்யாணம் நகராது. இரண்டு அண்ணன்களுக்கும் இவள்தான் செய்தாள். மணவறைக்குத் தங்கை வேண்டும், தோட்டத்துக்கு வேண்டாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "ம்," என்றார். பாதி மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் எங்கள் வீட்டுக்கும்தான் குறையும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவள் கேட்பது நியாயம், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சட்டம் இருக்கட்டும், சாமியைக் கேட்போம் என்றார் அண்ணன். எங்கள் குலக்கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பங்காளிகளில் யார் கனவிலாவது சாமி வந்து ஒரு பொருளைக் கேட்டால், பூப் போட்டுப் பார்த்து அதைப் பெட்டியில் வைப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அந்தக் குலத்தில் பிறந்த பெண் ஒருத்தி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். அடுத்த ஆளுக்குக் கனவு வரும்வரை அந்தப் பொருள், கனவு கண்டவர் பெயரோடு, பெட்டியில் இருக்கும். பெட்டியில் இருக்கிற பொருளை ஒட்டி ஊரில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. இந்த எண்ணுக்கு முன் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தது. அது வந்தபிறகுதான் கரண்ட் பில் ஏறியது என்று அதைக் கனவு கண்டவரைப் பங்காளிகள் இன்னும் மன்னிக்கவில்லை.

நிலம் பிரிப்பதற்குமுன் சாமி உத்தரவு வாங்குவதும் வழக்கம். அண்ணன் மாதக்கணக்காக உத்தரவுக்குக் காத்திருந்தார். வந்தது இந்த எண்.

எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போன் நம்பர் என்றால் மூன்று இலக்கம் அதிகம். ஆதார் என்றால் ஒன்று அதிகம். ஒரு சொந்தக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு ரீசார்ஜ் செய்து பார்த்தார், போகவில்லை. கடைசியில் அண்ணன் காந்திபுரத்தில் ஒரு எண்கணித ஜோசியரிடம் போனார். அவர் பதின்மூன்று இலக்கத்தையும் கூட்டினார். ஐம்பத்து நான்கு. ஐந்தும் நான்கும் ஒன்பது.

"ஒன்பது செவ்வாய் நம்பருங்க. செவ்வாய் பூமிகாரகன். இது நிலத்தைப் பத்தின உத்தரவேதான். இந்த ஒன்பதை மட்டும் கலைச்சுப்போடாதீங்க," என்றார் ஜோசியர்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சாமி பாகப்பிரிவினைக்கு வழிகாட்டிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

எண்ணைப் பெட்டியில் எப்படி வைப்பது என்று அடுத்த சிக்கல். எண் ஒரு பொருள் இல்லையே. அத்தனை அரிசி எண்ணி வைக்கலாம் என்றார் ஒரு பங்காளி. அரிசி வைத்தால் பெட்டியோடு கோயிலும், கோயிலோடு அது நிற்கிற பாறையும் மூடிப்போகும் என்று நான் சொன்னேன். அப்புறம் கடுகு வைக்கலாமா என்று கேட்டார். கடைசியில் காங்கேயத்தில் வண்டி நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் போனார்கள். மஞ்சள் போர்டா வெள்ளை போர்டா, சாமிக்குச் சொந்த உபயோகமா வாடகைக்கா என்று அவர் கேட்டிருக்கிறார். வெள்ளையில் எழுதி வாங்கி வந்தார்கள். அண்ணன் மகள் பூப் பொட்டலம் எடுத்தாள், வெள்ளை வந்தது. நம்பர் பிளேட் உள்ளே போனது, கீழே அண்ணன் பெயர்.

அமாவாசைப் பூசைக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். தங்கையும் பல்லடத்திலிருந்து வந்து, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். பூசை முடிந்ததும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஊட்டுலயே கணக்கு டீச்சர் இருக்குது. அம்மணி, இந்த நம்பர ரெண்டாப் பிரிச்சு எல்லாருக்கும் காட்டு. சாமி எப்படிப் பிரிச்சுக்கச் சொல்லுதுன்னு தெரியட்டும்."

கோயிலுக்கு வெளியே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. கைப்பையில் சாக்பீஸ் எப்போதும் கிடக்கும். நான் தொட்டியின்மேல் எண்ணை எழுதினேன். கடைசி இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளும் எண்ணைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களில் ஒருவர்கூட அதன் வாலைப் பார்க்கவில்லை.

"ஏழுல முடியுதுங்க மாமா. ஒத்தப்படை. ரெண்டுல போகாது. ஒண்ணு மிச்சம் நிக்கும்."

"ஒண்ணுதானே, நின்னுட்டுப் போகுது," என்றார்.

"அந்த ஒண்ணு யாருக்குங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பங்காளிகளிலேயே மூத்தவர் அவர், எதையும் நின்று நிதானித்துக் கேட்பவர். அவரே அடுத்ததையும் கேட்டார். "செரி, மூணுல போகுதுங்களா?"

போகும் என்று எனக்குக் கணக்குப் போடாமலே தெரியும். ஜோசியர்தான் முன்பே சொல்லிவிட்டாரே. ஆனால் ஜோசியர் சொன்னதன் அர்த்தம் ஜோசியருக்கே தெரியாது. அதனால் தேங்காயில் விளக்கினேன். பத்துத் தேங்காயை மூன்று பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஒன்று மிஞ்சும். நூறைக் கொடுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும், ஆயிரத்தைக் கொடுத்தாலும் ஒன்றுதான், கோடியைக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஆக ஓர் இலக்கம் கோடி இடத்தில் இருந்தாலும் சரி, கடைசியில் இருந்தாலும் சரி, மூன்றுக்கு அது வெறும் இலக்கம்தான். இலக்கங்களைக் கூட்டி, கூட்டியது மூன்றில் போனால், எண்ணும் மூன்றில் போகும். ஒன்பது மூன்றில் போகிறது.

அண்ணனின் முகம் வாடியது. "பெரிய நம்பரு அம்மணி, எங்கியாச்சும் தப்பு வந்திருக்கும். போட்டே பாத்துரு," என்றார்.

போட்டேன். தொட்டி உருண்டை என்பதால் நான் வகுத்துக்கொண்டே சுற்ற, கூட்டமும் என்னோடு சுற்றியது. 1568728441389. மிச்சம் பூஜ்யம். தங்கை செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள், அவள் மட்டும் சுற்றவில்லை. பிரசாதம் வாங்கிக்கொண்டு பல்லடம் பஸ் பிடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்தார். கனவை நன்றாக நினைத்துப் பார்த்தாராம். கடைசி இரண்டு இலக்கம் முன்பின்னாக மாறிவிட்டதாம். அறுபத்தேழு கிடையாது, எழுபத்தாறுதான்.

அவர் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஏழு என்பதைத் தூக்கிவிட்டு வேறு இலக்கம் போட்டால் ஒன்பது கலைந்துவிடும், செவ்வாய் போய்விடும். இடம் மட்டும் மாற்றினால் கூட்டுத்தொகை அப்படியே நிற்கும், எண்ணும் இரட்டைப்படை ஆகிவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நம்பர் பிளேட்காரர் மறுபடி எழுதினார். வண்டி மாற்றிவிட்டீர்களா என்று கேட்டாராம்.

பௌர்ணமிக்கு மறுபடி கூட்டம். தங்கையும் வந்தாள். நான் தொட்டியைத் துடைத்துவிட்டு எழுதினேன். 4706185324176.

"ரெண்டுல போகுதுங்களா?"

"போகுதுங்க மாமா."

"அப்படிச் சொல்லு!" என்று அவர் கை தட்டினார். பூந்தி கொடுக்கச் சொன்னார். என் கணவர் ஒரு கை பூந்தியை வாயில் போட்டுக்கொண்டு "ம்" என்றார்.

மூத்த பங்காளி பூந்தியைக் கையிலேயே வைத்திருந்தார். "மூணுல?"

"அது எங்க போகப்போகுதுங்க? எடத்தை மாத்துனா மூணு மாறாது. மூணுலயும் போகும்."

"நாலுல?"

நான் பார்த்தேன். போனது. அதற்கு மேல் என்னாலும் நிறுத்த முடியவில்லை. வாத்தியார் புத்தி, கேள்வி வந்தால் கை தானாக எழுதும். ஐந்தில் போகவில்லை. ஐந்து மகன்கள் உள்ள ஒரு பெரியவர் நமக்கு எதிலும் கொடுத்துவைக்கவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஆறில் போனது. அடுத்தது ஏழு.

ஏழு என்றதும் கூட்டம் நெருங்கி வந்தது. என் மாமனாரின் அப்பாவோடு பிறந்தவர்கள் சேர்த்து ஏழு பேர். அந்த ஏழு வீட்டார்தான் இப்போது கோயிலில் நிற்கிற பங்காளிகள். ஒரு காலத்தில் ஏழு வீட்டுக்கும் பொதுவாக இருந்த கிணறு எப்படி எங்கள் வீட்டுப் பங்கில் மட்டும் வந்து சேர்ந்தது என்பது விசேஷங்களில் பந்திக்குப் பந்தி எழும் பேச்சு. நான் வகுத்தேன். 672312189168. மிச்சம் பூஜ்யம்.

"அப்ப ஏழு ஊட்டுக்கும் உண்டுங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"கெணத்தைச் சொல்லுது! சாமி கெணத்தைத்தான் சொல்லுது!"

"எட்டுல போகுதான்னு பாருங்கம்மா," என்று பூசாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஏழு வீடு, எட்டாவதாகக் கோயில் என்பது அவர் கணக்கு. எட்டிலும் போனது.

அந்த எண்ணைப் போல ஒரு தாராளமான எண்ணை நான் பார்த்ததில்லை. கடைசி இரண்டு இலக்கத்தைத் திருப்பிப் போட்டதும் அது வந்தவர் போனவர்க்கெல்லாம் பங்கு கொடுக்கிறது. ஒரு தங்கைக்குக் கொடுக்காமல் இருப்பதற்காக அண்ணன் கதவைத் திறந்தார், ஊரே உள்ளே வந்துவிட்டது. எனக்குத் தொட்டியின் பின்னால் போய் நின்று சிரிக்கவேண்டும் போல இருந்தது.

"நிறுத்து அம்மணி! நிறுத்து!" அண்ணன் தொட்டியிடம் ஓடிவந்து துண்டால் எண்ணை அழித்தார். "மொதல்ல சொன்னதேதானுங்க செரி. அறுபத்தேழுதான். இது ஏதோ ஞாபகப் பெசகு."

அதோடு சிரிப்பு நின்றது. மூத்த பங்காளி பூந்தியைக் கீழே வைத்தார். "இந்த வாரம் ஒரு நம்பரு, அந்த வாரம் ஒரு நம்பரா? உனக்குக் கனவே வரலையப்பா. நீயா இட்டுக்கட்டிச் சாமி பேருல சொல்லிப்போட்டே." பெட்டியைத் திறந்து பெயரை எடுக்கச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து மனிதர் நிலத்தை இழந்தால்கூட எழுந்துவிடுவார். குலசாமி முன்னால் பங்காளிகள் வாயால் பொய்யன் என்று கேட்டுவிட்டால் எழமாட்டார். அண்ணன் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். துண்டெல்லாம் சாக்பீஸ் தூள். இரண்டு கூட்டத்திலும் அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அந்தத் துண்டைப் பார்த்ததும் போய்விட்டது, பாவமாக இருந்தது. என் கணவருக்கு "ம்" கூட வரவில்லை.

தங்கைதான் முன்னால் வந்தாள்.

"எங்கண்ணன் பொய் சொல்லலீங்க," என்றாள். "பொய் சொல்லோணும்னா மொதல்லயே ரெண்டுல போற நம்பராச் சொல்லியிருப்பாருங்க. தனக்கு ஆகாத நம்பர யாராச்சும் இட்டுக்கட்டுவாங்களா? ரெண்டாவது சொன்னது ஆசையில சொன்னது. மொதல்ல சொன்னது கனவுதானுங்க."

எத்தனையோ வருஷமாக நிரூபணம் சொல்லிக்கொடுக்கிறேன். அதைவிடச் சுத்தமாக ஒரு நிரூபணத்தை யாரும் என் வகுப்பில் எழுதியதில்லை. மூத்த பங்காளி யோசித்துவிட்டு, அது செரிதான் என்றார். பெயர் பெட்டியிலேயே இருக்கலாம், கனவு உண்மைதான். ஆனால் கனவு உண்மை என்றால் எண்ணும் உண்மை. அண்ணனுக்கு அது உறைத்ததை நான் பார்த்தேன். அவர் பேரைக் காப்பாற்றியவள் அதே மூச்சில் அவரைக் கட்டியும் போட்டுவிட்டாள். பொய்யனாகத் தோட்டத்தில் பாதி எடுத்துக்கொள்ளலாம், இல்லை கனவு கண்டவராக மூன்றில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய எண்ணுக்கு மறுபடி பூப் போட்டார்கள். குலத்தில் பிறந்த பெண்தானே எடுக்கவேண்டும், இவளே எடுக்கட்டும் என்றார் மூத்தவர். அவள் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அண்ணன் பூவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட்காரர் மூன்றாம் முறை எழுதினார்.

அன்று கோயம்புத்தூர் திரும்பும்போது, பல்லடம் தாண்டியபிறகு, என் கணவர் வாயைத் திறந்தார். "அந்த ஜோசியன் ஒம்பதுன்னானே, அப்ப ஒம்பதுலயும் போகும். ஒம்பது பேரு வராம இருந்தாச் செரி." வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

தேங்காய் பறிப்பு முடிந்து சர்வேயர் வந்து தோட்டத்தை அளந்து கல் நட்டார். மூன்று பங்கு. கிணறு மூவருக்கும் பொது. தங்கையும் என் கணவரும் கல்லோரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மோட்டார் ரூம் நிழலில் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"அம்மணி, எப்படி மாத்திப் போட்டாலும் அந்த மூணு போகாதுங்களா?"

"போகாதுங்க மாமா. பதிமூணையும் எப்படிக் கலைச்சுப் போட்டாலும் மூணு இருந்துட்டேதான் இருக்கும்."

அவர் அரிவாளைத் துடைத்தார்.

"இத்தனை பேரு இத்தனை கேட்டீங்க. கனவுல அந்த நம்பரச் சொன்னது யாருன்னு ஒருத்தருங் கேக்கலையே," என்றார். "சாமி இல்ல அம்மணி. எங்கப்பா. இதே மோட்டார் ரூம் வாசப்படியில உக்காந்துட்டுச் சொன்னாரு. சாமின்னு சொன்னாத்தான் எடுபடும்னு நாஞ் சாமின்னு சொல்லிப்போட்டேன்."

நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டேன். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"நம்பரச் சொல்லி முடிச்சுட்டு, 'வெளங்குச்சா?'ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே வெளங்கலே. இருந்தாலும் எப்பவும் போல, 'வெளங்குச்சுங்கப்பா'ன்னு சொல்லிப்போட்டேன்."